பித்தளையில் வெட்டிய வருடம்

அப்பாவின் மடக்குக்கத்தியில் இரண்டு வருடங்கள் இருந்தன. பெரிய அலகை விரித்தால் அதன் அடியில் 1917. இங்கிலாந்துக் கம்பனி அடித்தது. பிடியில் 1938, பதுளைக் கடைத்தெருவில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவர் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியது.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் அப்பாவுக்கு எஞ்சின் வேலை. முதல் மகா யுத்தத்துக்குப் போய்வந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரை, சீமைக்குத் திரும்பும்போது அந்தக் கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓர் அலகு, டின் திறக்கும் கொக்கி, கயிற்று முடிச்சை நெகிழ்த்தும் தடித்த ஆணி. மூன்றும் முதுகிலிருந்த இரும்பு வில்லின் விறைப்பில் 'டக்'கென்று மடங்கும். பிடியின் இரு பக்கமும் கொம்பு. வலப்பக்கக் கொம்பு வெடித்திருந்தது. அப்பா அதைக் கழற்றி, எஞ்சினில் கழித்துப்போட்ட பித்தளைத் தகட்டை அளவாக அராவிப் பொருத்தினார். எங்கள் ஆட்களுக்கு, பித்தளை என்று ஒன்று வீட்டுக்கு வந்தால் பெயர் வெட்டியாக வேண்டும். தம் பெயர், தோட்டம், வருடம் மூன்றையும் வெட்டுவித்தார்.

1955 மாசியில் பிரஜாவுரிமை விசாரணைக்கு அரசாங்கக் கச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. 1939 தொடக்கம் இடைவிடாமல் இந்நாட்டில் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்தில் ஆள்பேர் பதிந்த பழைய செக்ரோல்களைக் கறையான் தின்றுவிட்டது. துரை சீமையில் செத்துப்போனதாகக் கேள்வி. மிஞ்சியது கத்திதான்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை அம்மா அதைப் புளி போட்டு விளக்கினார். எழுத்துக் குழிகளில் இருந்த அழுக்கைக்கூட ஈர்க்கால் கிண்டி எடுத்தார்.

"கச்சேரிக்குக் கொண்டு போற சாமான். களிம்போடயா நீட்டுவீங்க?"

"தேச்சுத் தேச்சு எம் பேரையே அழிச்சிராத," என்று அப்பா சிரித்தார்.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. துணைக்குப் போனேன். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரல்ல. கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நேற்று வெட்டினது மாதிரியெல்லோ கிடக்கு. பளபளக்குது."

"பொஞ்சாதி வெளக்குனதுங்க. பழசுதாங்க."

"பழசெண்டு நான் எதை வைச்சு எழுதுறது? குழிக்குள்ளையும் ஊத்தை இல்லை. கம்பனி அடிச்ச 1917-ஐ நம்பலாம். அப்ப நீர் எங்கை இருந்தனீர்?"

"திருச்சிப் பக்கங்க. தவந்துக்கிட்டு இருந்திருப்பேன்."

கந்தோரில் எழுதிக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வேலை ஒப்பேறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். வரும் வழியில் பஸ்சில் என்னிடம், "நல்ல மனுசன்," என்றார்.

ஐப்பசியில் மனுவை நிராகரித்துவிட்டார்கள்.

பிற்காலத்தில் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். படைக்கத்திகளின் அலகில் வருடம் அடிப்பது வழக்கம்தான். அதிகாரி நம்பியது பொய்யல்ல. ஆனால் உண்மையான அந்த வருடத்துக்கு எங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுப் பித்தளையை எல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் பரப்பினார். கத்தியையும் எடுத்தார்.

"அத விடு," என்றார் அப்பா. "கறுக்கட்டும். திரும்பக் கூப்பிட்டா வேணும்."

அம்மா கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, புளியைக் கரைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அதை யாரும் விளக்கவில்லை.

திரும்பக் கூப்பிடவில்லை. 1961-இல் அப்பா இறந்தபோது பித்தளை நன்றாகக் கறுத்திருந்தது. குழிகளிலும் அழுக்கு ஏறியிருந்தது. பெயரை விரலால் தடவித்தான் வாசிக்க முடிந்தது.