சூடான என்ஜின் பொய் சொல்லும்

ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் அந்த மெக்கானிக். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது. "பொறுங்க, ஏதோ சொல்லுது" என்பார். தெருவே அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுகிறது. பட்டறைப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு.

என்ஜினைத் தொட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "தொட்டுப் பாக்குறதெல்லாம் தக்காளி வாங்கத்தான் சரி" என்பார். ஐம்பத்து நான்கு வயதில் கண்ணாடி வந்துவிட்டது, இரண்டு பல் போய்விட்டது, காது மட்டும் கம்பெனி ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்வார். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்லும் குரல் மட்டும் அந்தக் காதில் விழுவதில்லை.

இப்பேர்ப்பட்ட காதுக்கே சோதனையாக வந்தது தங்கை புருஷனின் பிக்கப். இருபத்திரண்டு வயது டீசல் வண்டி. மாப்பிள்ளை சலவைக்கூடம் நடத்துகிறார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காலை ஏழு மணிக்குள் கொண்டுபோய் இறக்க வேண்டும். குளிர் தொடங்கியதிலிருந்து வண்டி விடியற்காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது.

அதைப் பட்டறைக்கு ஓட்டி வந்தும் பயனில்லை. வருகிற வழியிலேயே என்ஜின் சூடேறி நல்ல பிள்ளையாகிவிடும். "சூடான என்ஜின் பொய் சொல்லும், மாப்பிள்ளை. குளிர்ல விறைச்சு நிக்கிறப்பதான் உண்மை வெளிய வரும்" என்று சொல்லி, காதே விடியற்காலையில் தங்கை வீட்டுக்குப் போனார். பானட் மேல் சுருண்டு கிடந்த பூனையை விரட்டினார். ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார். மாப்பிள்ளை சாவியைத் திருகியதும் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இன்னும் இரண்டு முறை போனார். அதே கதை. அவர் போகாத நாட்களில் மட்டும் அடம். ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறையாக எச்சரித்துவிட்டார்கள். இன்னொரு நாள் தாமதமானால் வேலை வேறு சலவைக்கூடத்துக்குப் போய்விடும். போனால் இங்கே பாதி இயந்திரங்களைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். "உங்களைக் கண்டா அதுக்குப் பயம்போல, மச்சான்" என்றார் மாப்பிள்ளை. காதுக்கு உள்ளூரப் பெருமைதான். கோளாறு பிடிபடவில்லை என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனார்.

நான்காம் முறை, பூனை விரட்டியும் நகரவில்லை. இந்தக் குளிரில் சில்லிட்ட இரும்பில் இதற்கென்ன அப்படி ஒரு சுகம் என்று யோசித்தவர், தக்காளியைத் தொடுவதுபோல் பானட்டில் கை வைத்தார். கதகதவென்று இருந்தது.

மாப்பிள்ளை விரிப்பு மூட்டை எடுக்க உள்ளே போயிருந்தார். காது வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நாலு மணிக்கு எந்திரிச்சு, பழைய கம்பளிய டிரையர்ல சூடு பண்ணி என்ஜின் மேல போத்தி வெச்சேண்ணே. நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

"ஏம்மா?"

"பொறந்த வீட்டுல இருந்து ஆள் வர்றப்ப, இவரு வண்டி இருமிக்கிட்டு நின்னா எனக்கு நல்லாவா இருக்கும்? தினமும் போத்தவும் முடியாது, டிரையர் துணிக்கு வேணும்."

"அது இருமுறதப் பாக்கத்தாம்மா நான் வர்றதே."

"அவருகிட்ட சொல்லிடாதண்ணே. என்னாலதான் வேலை போகப் பாத்துச்சுன்னு மனசு ஒடிஞ்சிடுவாரு."

மறுநாள் கம்பளி இல்லை, அதனால் பூனையும் இல்லை. செல்ஃப் சுழன்றது, வெள்ளைப் புகை வந்தது, வண்டி கிளம்பவில்லை. மணி ஆறேகால். பின்னால் விரிப்புகள் ஏறிவிட்டன. அந்தக் குளிரிலும் மாப்பிள்ளைக்கு வியர்த்தது. காதின் முகத்திலோ பேரன் பிறந்த களை.

"நல்லா திணறுது மாப்பிள்ளை, ரொம்ப நல்லா திணறுது. செல்ஃப் சுத்துது, டீசல் வருது, பத்த மட்டும் மாட்டேங்குது. ஹீட்டர் பிளக்தான்."

குளிர்ந்து கிடக்கும் என்ஜினுக்கு உள்ளே சூடு ஏற்றிக் கொடுக்கிற சமாசாரம் அது. பேட்டரியில் மாட்டிய சோதனை பல்பின் வயரை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்துப் பார்த்தார். நான்கில் மூன்றுக்குப் பல்பு எரியவில்லை, மூன்றும் செத்துப்போயிருந்தன. சந்தேகத்தின்பேரில் கொண்டுவந்திருந்த புது பிளக்குகளை மாட்டி முடித்தபோது ஆறு நாற்பது. சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டினார். "இத ஏன் மச்சான் இத்தனை நாளா கண்டுபிடிக்க முடியல?"

தங்கை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது தொண்டையைச் செருமினார்.

"காது அடைச்சிருந்துச்சு மாப்பிள்ளை."

எட்டு மணிக்கு வண்டி காலியாகத் திரும்பி வந்தது. மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக இறங்கினார். கையில் ஆஸ்பத்திரி மருந்துக்கடைப் பொட்டலம். அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார்.

"ஆறு அம்பத்தஞ்சுக்கே இறக்கிட்டேன். அப்படியே டாக்டர்கிட்ட உங்க காதைப் பத்திச் சொன்னேன். மெக்கானிக்குக்கு இப்படி ஆயிடுச்சேன்னு நர்ஸுங்க எல்லாரும் வருத்தப்பட்டாங்க. வேளைக்கு மூணு சொட்டு. சாயுங்க மச்சான்."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காது கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.