கோகிலாவின் நீலப் பீப்பாய்

சுங்கைப் பட்டாணி பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கோகிலாவின் தம்பி முருகையன் போனில் அழைத்தான். "அக்கா போயிட்டாங்கண்ணே. நேத்துதான் ஆஸ்பத்திரில சேர்த்தோம்." நான் உடனே நம்பவில்லை. எதையும் சட்டென்று நம்பாதீர்கள் என்று பதினொரு வருடம் சொல்லிவந்தவர் கோகிலாதான்.

லூனாஸ் பக்கத்து ரப்பர் ஆலையில் அவருடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும், கழிவுநீர்த் தொட்டி அவர் பொறுப்பு. அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்தான் ஆலையின் அழுக்கைத் தின்று, ஆற்றுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தமாக்கும். கோகிலாவுக்கு அவை 'நம்ம ஆளுங்க'. மீட்டரை நம்பமாட்டார், குனிந்து மோந்து பார்ப்பார், பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். "எல்லாரும் வேலைக்கு வந்துட்டாங்க" என்ற பிறகுதான் காலைத் தேநீர்.

சூப்பர்வைசரான எனக்கோ அவர்மேல் சந்தேகம். தினமும் சாயங்காலம் அவர் பையில் ஒரு போத்தல் வெளியே போகும். கழிவுநீரை அதிகாரிகளிடம் கொடுத்து ஆலையைக் காட்டிக்கொடுக்கிறாரோ என்று ஒருநாள் வாசலில் வைத்துப் பையைத் திறக்கச் சொன்னேன். போத்தலில் பழுப்புச் சேறு. "வீட்டுல கொஞ்சம் வளர்க்கிறேண்ணே. இங்க உள்ளவங்கள நம்ப முடியாதுலா" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருடம் ஒருநாள் அவர் விடுப்பில் இருந்தார். மறுநாள் அதிகாரிகள் வருவதாக இருந்தது, தொட்டி நாறியது. நானே இரண்டு கேன் பிளீச் ஊற்றினேன். நாற்றம் போனது. திரும்பி வந்த கோகிலா மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒருத்தனும் வேலைக்கு வரலண்ணே. யாரோ கொன்னுட்டாங்க."

"நாத்தம் போயிருச்சே" என்றேன்.

"நாத்தம் போனா சுத்தம்னு யாருண்ணே சொன்னா?"

அப்படியே விட்டிருந்தால் ஆலையின் அழுக்கெல்லாம் ஆற்றில் கலந்திருக்கும். ஆற்றின் கீழே கம்பத்துக் கிராமத்தில் தூண்டில் போடுகிறவர்களின் தட்டுக்கும் போயிருக்கும். கோகிலா சண்டை போட்டு ஆலையை நிறுத்தினார். அவர் வீட்டிலிருந்து முருகையனின் லோரியில் நான்கு பீப்பாய் சேறு வந்தது. அதைத் தொட்டியில் ஊற்றி, கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியாகக் கொடுத்து, சில வாரங்களில் தொட்டியை மீட்டார். யார் செய்தது என்று ஒவ்வொருவரையும் துருவினார். என்னை மட்டும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முருகையன் என்னை வீட்டுப் பின்பக்கம் அழைத்துப்போனான். அங்கே ஒரு நீலப் பீப்பாய். உள்ளே மீன்தொட்டிப் பம்ப் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"இது உங்களுக்காம். 'அண்ணன்கிட்ட குடு, கொன்னவரே வளர்க்கட்டும்'னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. என்னண்ணே அர்த்தம்?"

அன்று "லோரியை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னேன். முருகையா, நீயும் இதைப் படிப்பாய். நீ கேட்ட அர்த்தத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

பீப்பாய் இப்போது என் வீட்டில் இருக்கிறது. தினமும் காலையில் குனிந்து மோந்து பார்க்கிறேன். மண்வாசம் வருகிறது, நம்ம ஆளுங்க உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனாலும் என்னை நம்பாமல், இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன்.