இருபத்திரண்டு நாமங்கள்

கணக்கு டீச்சர் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த அன்று வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார். நாங்கள் யாரும் அங்கே செருப்பைக் கழற்றுகிற ஆட்கள் இல்லை. "அம்பாளை ஆயிரம் தடவை பேர் சொல்லிக் கூப்பிடப் போறேன். செருப்போட எப்படித் தம்பி உட்கார்றது?" என்றார். அன்று முதலாளி முதல் எல்லாரும் வெறுங்காலோடு வேலை பார்த்தோம். அந்த அம்மாவுக்கு நான் ஒழுங்காகக் காட்டிய மரியாதை அது ஒன்றுதான்.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் சீக்கிரமே போய்விட, ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர். அப்பா வேதம் ஓதுகிறவர். அண்ணன்களை முன்னறையில் உட்கார வைத்து அவர் சொல்லிக்கொடுக்க, இவர் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதியபடியே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாராம். ஓதுவதில் ஒரு முறை உண்டு. இரண்டு இரண்டு சொல்லாகச் சேர்த்து, முன்னால் ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை, மறுபடி முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும். சடை பின்னுவது போல. ஒரு சொல் நழுவினால் பின்னல் அவிழ்ந்து அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஏட்டில் எழுதாமலே வேதத்தை அப்படித்தான் காப்பாற்றினார்கள். டீச்சர் யாரிடமும் கேட்காமல் அந்த முறையிலேயே அம்பாளின் ஆயிரம் நாமங்களையும் மனப்பாடம் செய்துகொண்டார். அந்த வயதில் நான் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கே அடி வாங்கியவன்.

யாரோ வீட்டில் அவர் சொல்வதைக் கேட்டுச் சொக்கிப்போய்த்தான் முதலாளி கூட்டிவந்தார். டீச்சர் புத்தகம் கொண்டுவரவில்லை. கண்ணை மூடினார், ஆரம்பித்தார், ஒரே மூச்சில் முடித்தார். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் காதில் ஹெட்போனை மாட்டியபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். "ஒண்ணு கூட விட்டுப் போகலையே?" என்று எழுந்ததும் கேட்டார். "கூட்டல்ல ஒரு எண்ணை விட்டுட்டா விடை சரியா வருமா தம்பி? அதே மாதிரிதான் இதுவும்."

பதிவு முப்பது நிமிடம் நாற்பது வினாடி வந்திருந்தது. கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். கேட்கிறவர்கள் பாதியில் எழுந்து கேசட்டைத் திருப்பக்கூடாது, ஆயிரமும் ஒரே பக்கத்தில் அடங்கவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. "எப்படியாவது அடக்குடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீச்சரை மறுபடி வரச் சொல்லியிருக்கலாம். நாடாவின் வேகத்தைத் துளி கூட்டிச் சரிபார்த்திருக்கலாம். இரண்டுக்கும் இன்னொரு நாள் பிடிக்கும். எனக்கோ மறுநாள் மைத்துனன் கல்யாணம். பிளேடை எடுத்தேன். நடுவில் ஒரு மூச்சுக்கும் இன்னொரு மூச்சுக்கும் இடையில் நாற்பது வினாடி நாடாவை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, இரு முனைகளையும் ஒட்டினேன். ஆயிரத்தை யார் எண்ணப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒட்டுப் போட்ட இடம் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

கேசட் சக்கைப்போடு போட்டது. காலையில் எந்த வீட்டுப் பக்கம் போனாலும் டீச்சர் குரல்தான். என் மனைவியும் அவர் தலைமையில் வாரம் ஒருநாள் நாமம் சொல்லும் பெண்கள் குழுவில் சேர்ந்தாள். ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கூட வைக்காமல் சொன்னாள்: "என்னங்க, விஷயம் தெரியுமா? கேசட்ல டீச்சர் இருபத்திரண்டு நாமத்தை முழுங்கிட்டாங்க. ஒருத்தங்க புத்தகத்தை வச்சுக்கிட்டு எண்ணிப் பார்த்திருக்காங்க. எல்லார் எதிர்லயும் கேட்டுட்டாங்க."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க பாவம். போட்டுக் கேட்டாங்க. 'மெஷின் பொய் சொல்லாது, நான்தான் விட்டிருக்கேன்'னு விளக்குக்கு முன்னாடி விழுந்து கும்பிட்டாங்க. இனிமே சொல்ல மாட்டாங்களாம். எழுந்து போயிட்டாங்க."

அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம், மனைவி முகத்தில் விழிக்கும் வெட்கம் கொஞ்சம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளியதில் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இடையில் கேசட்டே ஒழிந்தது, கூடத்தை மூடினார்கள், முதலாளியும் போய்ச் சேர்ந்தார். வேலை போகும் என்ற சாக்கும் அதோடு போனது. அப்புறமும் நான் சொல்லவில்லை. தெருவில் டீச்சரைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குத் தாவுவேன். அவரோ அங்கிருந்தே, "தம்பி, சௌக்கியமா?" என்று கேட்பார். என்னைப் போல ஒரு கோழை அகப்பட மாட்டான்.

இந்த வருடம் டீச்சர் படுத்துவிட்டார் என்று மனைவி பார்க்கப் போனாள். வந்து சொன்னாள். "மருமக சொல்லி அழுவுறா. 'நான் போறப்போ என் குரலைப் போட்டுடாதீங்க, அது குறைஞ்ச நாமம், வேற யாராவது சொன்னதைப் போடுங்க'ன்னாங்களாம்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் என்னை யாரோ போலப் பார்த்தாள். பிறகு, "சட்டையைப் போடுங்க" என்றாள்.

டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மங்கியிருந்தது, குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய கேசட் பெட்டி. "தினமும் காலையில இதைத்தான் கேட்பாங்க சார்," என்றாள் மருமகள். "அந்த இடத்துல ஏன் புத்தி தடுக்குச்சுன்னு தேடுறாங்களாம். இத்தனை வருஷத்துல ஒருநாள் கூட விட்டதில்ல. ஆனா வாய் திறந்து மட்டும் சொல்லவே மாட்டாங்க."

அவர் காலைத் தொட்டுக்கொண்டே சொன்னேன். கல்யாணம், பிளேடு, குப்பைக்கூடை, ஒன்றையும் மறைக்கவில்லை.

சாபம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று குனிந்தே இருந்தேன்.

"அப்போ நான் விடலையா?"

"இல்ல டீச்சர்."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. முகம் மட்டும் சிரித்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மருமகளைப் புத்தகம் எடுத்துவந்து சரிபார்க்கச் சொன்னார். முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார். குரல் நடுங்கியது, பிறகு நடுக்கம் போனது. இருபத்தாறு வருடம் அடைத்துவைத்தது மடை திறந்த மாதிரி வந்தது. மருமகள் விரலால் வரியைத் தொடர்ந்துகொண்டே போனாள்.

அந்த இடம் வந்தது. எனக்கு அது தூக்கத்திலும் தெரியும். டீச்சர் ஒரு மூச்சு எடுத்தார், அடுத்த நாமத்துக்குப் போனார். நான் ஒட்டிய இடத்தில், நான் ஒட்டிய மாதிரியே. மருமகளின் விரல் அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டீச்சர் தடங்கலில்லாமல் கடைசிவரை சொல்லி முடித்துக் கை கூப்பினார்.

"ஆயிரமும் வந்துச்சா தம்பி?"

பதில் என்னுடையது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மிச்ச நாளைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு கழித்துவிடுவார். அது நாக்கு நுனிவரை வந்தது. மறுபடியும் வெட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

"இல்ல டீச்சர். அந்த இருபத்திரண்டும் வரல. தினமும் கேசட்டைக் கேட்டுக் கேட்டு, நான் வெட்டினது உங்களுக்குள்ளயும் பதிஞ்சு போச்சு."

கூப்பிய கை மெல்ல மடியில் இறங்கியது. அந்த நாமங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது சொன்னார்: "தம்பி, அவகிட்ட புத்தகத்தை வாங்குங்க. ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் போகிறேன். ஐந்து மாதமாகிறது. நான் படிக்க, அவர் திருப்பிச் சொல்கிறார். மறுநாள் அந்த இருபத்திரண்டும் மறந்துபோகிறது. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் குரலுக்காகக் காத்திருக்கிறார். போன வாரம் எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் போகவில்லை. இரண்டு நாளும் அந்த இடம் வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாராம். நான் படிக்கட்டுமா அத்தை என்று மருமகள் கேட்டிருக்கிறாள். "வேண்டாம்மா, எடுத்தவரே வந்து வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.