பெட்டி ஜெல்லிமீனும் பச்சை மிளகாய் வினிகரும்

மலேசியாவில் லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. கரை ஒதுங்கிய பெட்டி ஜெல்லிமீன் செத்துவிட்டது என்று நம்பி, படம் எடுக்கக் கிட்டப் போய் அதன் இழையை மிதித்துவிட்டேன். செத்ததுதான். ஆனால் இழையில் இருக்கும் கொட்டும் செல்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. கணுக்காலில் சூடு போட்டதுபோல் எரிகிறது.

ரப்பர் தோட்டத்திலிருந்து வேன் பிடித்துக் குளிக்க வந்த பதினோரு ஆண்கள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் மணலைப் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். இன்னொருவர் குடிதண்ணீர் போத்தலைத் திறக்கிறார். முனியாண்டி என்பவர் சிறுநீர்தான் மருந்து என்று சொல்லி, சேவை மனப்பான்மையோடு கால்சட்டை ஜிப்பில் கை வைக்கிறார்.

"ஜிப்ப போடு லா," என்றபடி மீ கோரேங் நூடுல்ஸ் கடை லெட்சுமி அக்கா வினிகர் போத்தலோடு வருகிறார். "தேய்ச்சாலும் நல்ல தண்ணி ஊத்துனாலும் மிச்ச வெஷமும் ஒடம்புல ஏறிரும். இந்த சூக்காதான் அத அடக்கும்."

போத்தல் முழுவதும் என் காலில் கவிழ்கிறது. மீயோடு தொட்டுக்கொள்ள அதில் ஊறிய பச்சை மிளகாயும் கூடவே விழுகிறது. இப்போது இரண்டு எரிச்சல்.

"மூச்சு முட்டுதா தம்பி?"

"இல்லக்கா."

"முட்டுனா சாவுதான். பேசாம வேன்ல ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தச் சனியனுக்கு இருபத்து நாலு கண்ணு. மூளதான் கெடையாது."

பதினொருவரும் என்னோடு ஏறிக்கொள்கிறார்கள். போகிற வழியில் எண்ணிப் பார்க்கிறேன். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கண் கணக்கு சரியாக வருகிறது. மூளைக் கணக்கும்தான்.