ரிப்போர்ட்டில் அவர் எழுதாத பெயர்

தனபாலன் சார் இறந்துவிட்டார். இன்று காலை, கிள்ளானில், மகள் வீட்டில்... தூக்கத்திலேயே.

செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் பழைய ஆட்கள் சிலருக்கு அவர் ‘கம்பெனியை மூடின ஆபீசர்’. என் தம்பி சேகருக்கும் அப்படித்தான். முப்பது வருஷமாக.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஷா ஆலமில் ஒரு சின்னக் கம்பெனி. குழாய்களில் வைத்த வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் பிடித்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் ஆபீஸ் கிளார்க், சேகர் சைட்டில்.

அந்த மெஷினை எல்லோரும் கேமரா என்போம். கனமான பெட்டி. உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு கதிர்வீச்சுக் குண்டு.

கைப்பிடியைச் சுற்றினால் குண்டு ஒரு டியூப் வழியாக வெளியே போகும். படம் எடுத்ததும் சுற்றி உள்ளே இழுக்கவேண்டும். பெட்டியின் மேல் பொத்தான் அளவு ஒரு கண்ணாடி... பச்சை என்றால் குண்டு உள்ளே, சிவப்பு என்றால் வெளியே.

அதை மட்டும் நம்பக்கூடாது. கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போகவேண்டும், சட்டம் அது. தனபாலன் சார் அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர்.

எங்கள் மீட்டர் கெட்டுப்போய் இரண்டு மாதமாக என் டிராயரில் கிடந்தது. ரிப்பேருக்கு அனுப்பினால் விஷயம் வெளியே தெரிந்து சைட் வேலை நின்றுவிடும் என்று மேனேஜருக்குக் கவலை.

“நீ பாட்டுக்கு நார்மல்னு எழுதிக்கிட்டே இரு லா. யாரு வந்து பாக்கப் போறா?”

நானும் மீட்டர் அளவைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் தினமும் அப்படியே எழுதினேன். நல்ல கையெழுத்தில், கோடு போட்டு.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். முந்தின நாள் டைப்ரைட்டர், லோரி, கத்தரிக்கோல் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். கேமராவுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு. தம்பி தினமும் தொடும் சாமான் ஆயிற்றே...

அந்தக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டேன். எனக்கு உறைக்கவே இல்லை.

காலை பத்தரை இருக்கும். போர்ட் கிள்ளான் சைட் ஆபீஸிலிருந்து சேகர் போன்.

“அக்கா, படம் எடுத்தாச்சு. கண்ணாடி செவப்பாவே இருக்கு. நேத்து நீ வெச்ச பொட்டுதானே?”

“ஆமாடா, பொட்டுதான்.”

“சரி. டீ குடிச்சிட்டுக் கழட்டி ஏத்திடறோம்.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் தனபாலன் சார். சொல்லாமல் கொள்ளாமல் வந்த செக்கிங்.

லாக் புத்தகத்தைப் புரட்டினார். “மீட்டர் எங்கே?”

“சைட்டுக்குப் போயிருக்கு சார்.” மேனேஜர் கண்கூட இமைக்கவில்லை. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்; சாருக்கு டீ சொல்ல வெளியே போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது பொட்டு இல்லை என்றால்? சேகர் வெறும் கையால் அந்த டியூபைக் கழற்றுவான். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு லோரியில் ஷா ஆலம் வரை வருவான். ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வாயைத் திறந்தால் என் வேலை போகும், அவன் வேலையும் போகும். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

“மீட்டர் என் டிராயர்ல இருக்கு சார். கெட்டுப்போச்சு. அங்க யாருகிட்டயும் மீட்டர் இல்ல... கண்ணாடி செவப்பா காட்டுதாம். நான் பொட்டுன்னு சொல்லிட்டேன் சார்.”

அவர் திட்டவில்லை. டிராயரைத் திறந்து ஒரு பார்வை, உடனே போன். மணி அடிக்கிறது... அடிக்கிறது... எடுக்க ஆள் இல்லை.

மறுபடியும் சுழற்றினார்.

இந்தத் தடவை ஒரு மலாய்க்காரச் செக்யூரிட்டி கார்ட் எடுத்தார். யாரும் கேமராவைத் தொடக்கூடாது, எல்லோரையும் தூர ஓடச் சொல் என்று சார் மலாயில் கத்தினார்.

கார்ட் ஓடிப்போனபோது சேகர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தானாம்.

சார் தன் மீட்டரோடு போர்ட் கிள்ளானுக்குப் பறந்தார். குண்டு வெளியேதான் இருந்தது, டியூபுக்குள் மாட்டிக்கொண்டு. அதை உள்ளே கொண்டுவரச் சாயங்காலம் ஆனது.

சேகரின் இரத்தத்தை மாதக்கணக்கில் சோதித்தார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் நான்தான் செத்துப் பிழைத்தேன்.

லைசென்ஸ் போனது. கம்பெனி போனது. சேகரோடு ஏழு பேர் நடுத்தெருவில்.

விசாரணைக்கு வந்த சாரிடம் கெஞ்சினேன். “நான் சொன்னேன்னு எழுதாதீங்க சார். தம்பியே என்கூடப் பேசமாட்டான்.”

சார் ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். “டிராயரைத் திறந்தது நான்தானேம்மா. அதை எழுதிக்கிறேன். ஆனா பொய்யா லாக் எழுதினீங்க பாருங்க... அதுக்கு வார்னிங் லெட்டர் வரும். அதை நான் தடுக்கமாட்டேன்.”

வந்தது. யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்தேன்.

சில வருஷம் கழித்து பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நானும் சேகரும் போயிருந்தோம். சார் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேகர் கடைக்கே கேட்கும்படி சொன்னான்.

“பாருக்கா, நம்ம வயித்துல அடிச்சவரு. டிராயர் டிராயரா கெளறிக் கண்டுபிடிச்ச ஆபீசர்.”

சார் காதில் விழுந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

நான் குனிந்து ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சேகர்... சுங்கை பூலோ வீட்டில் உட்கார்ந்து நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். அவர் எதையும் கிளறவில்லையடா. சொன்னது உன் அக்கா.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். நான் அங்கேதான் இருப்பேன். கோபம் இருந்தாலும் வா. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அவர் முன்னாலேயே திட்டு.

போய் வாங்க சார். உங்க காதில் விழும்போது சொல்லியிருக்கணும்... சொல்லல. மன்னிச்சிடுங்க.