பன்னிரண்டு பேருக்குப் பதினொரு கதிரை

நேசமலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள தமிழர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள்.

முப்பது வருடமாக ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நின்ற நிலையில் படுக்கை விரிப்பு மடித்தவள் அவள். அப்போதெல்லாம் "கொஞ்சம் இருங்கோ" என்று சொல்ல ஒரு நாதி இருக்கவில்லை. இப்போது மகள் யதுசா வீட்டுக்குப் போனால், "நீங்கள் இருங்கோ அம்மா, நான் தேத்தண்ணி போடுறன்." கோயிலில் மாலை கட்டப் போனால், "அன்ரி, நீங்கள் அங்கால இருங்கோ." டிராமில் ஏறினால், மூக்கில் வளையம் போட்ட ஜெர்மன் பெட்டைகூட எழும்பி இடம் விடுகிறாள். நேசமலருக்கு வயது அறுபத்துநான்குதான். முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது. ஆனாலும் எல்லாரும் தாங்கித் தாங்கி நடத்தியதில், தான் தொட்டால் உடைகிற சாமான் ஆகிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. படி இறங்கும்போது கை தானாகவே கம்பியைத் தேடியது. அதுதான் பொல்லாத விஷயம். மற்றவர்கள் சொல்வதைச் சகித்துக்கொள்ளலாம். நாமே அதை நம்பத் தொடங்கினால் பிறகு யாரைக் கோபிப்பது?

கோடையில் தமிழ் மன்றத்தின் விளையாட்டு விழா வந்தது. அதில் அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று சங்கீதக் கதிரைப் போட்டி ஒன்று உண்டு. பாட்டு ஓடும்வரை கதிரைகளைச் சுற்றிவர வேண்டும். பாட்டு நின்றதும் இருந்துவிட வேண்டும். ஆளைவிடக் கதிரை ஒன்று குறைவு என்பதால் ஒருவர் வெளியே போவார். உலகம் முழுக்க இதுதான் விதி. ஆனால் நம்முடைய ஆட்கள் பெரியவர்களிடம் போய் "நீங்கள் வெளியே" என்று எப்படிச் சொல்வார்கள்? மரியாதை என்னாவது? ஆகவே பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கதிரை. மூன்று தரம் பாட்டு நிற்கும், மூன்று தரமும் எல்லாரும் இருப்பார்கள், கடைசியில் எல்லாருக்கும் முதல் பரிசு. பாட்டு தொடங்க முதலே இருந்துவிட்டு, எழும்ப மறுத்தவர்களும் உண்டு.

நேசமலர் கலந்துகொள்வது இதுவே முதல் தடவை. கணவர் மகேந்திரராஜா மன்றத்தின் முன்னாள் தலைவர். வருடா வருடம் முதல் பரிசு எடுப்பவர். அவர் ஏற்கெனவே தன் கதிரைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நேசமலர் கதிரைகளை எண்ணினாள். ஆட்களை எண்ணினாள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தாள்.

ஒலிவாங்கியோடு நின்ற செயலாளர் சேயோன் ஓடிவந்தான். "அன்ரி, என்ன செய்யிறியள்? ஒரு ஆளுக்கு இடம் காணாதெல்லோ!"

"அதுக்குத்தான் தம்பி எடுத்தனான்."

"ஆரும் விழுந்தால்?"

"விழுந்தால் எழும்புவம்."

"அம்மா, கவனம்!" என்று யதுசா கூட்டத்திலிருந்து கத்தினாள். நேசமலர் வீம்பாக நின்றாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். இப்போது கால் இடறினால் மகள் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். அதன்பிறகு இருங்கோ என்றால் இருக்க வேண்டியதுதான்.

பாட்டு ஓடியது, நின்றது. பத்துப் பேர் பழக்கதோஷத்தில் ஆறுதலாகக் கதிரைகளில் இருந்தார்கள், நேசமலர் பாய்ந்து இருந்தாள். மகேந்திரராஜா மட்டும் நின்றார்.

"என்னையோ?" என்றார். முன்னாள் தலைவரை இதுவரை யாரும் எதிலிருந்தும் வெளியேற்றியதில்லை. அவர் மனைவியைப் பார்த்தார், எடுத்துவைத்த கதிரையைப் பார்த்தார், பிறகு மீசை துடிக்கச் சிரிக்கத் தொடங்கினார். "சரி, இனி ஒருத்தரையும் விடாதையுங்கோ! நான்தான் நடுவர்!"

அவ்வளவுதான், பெரியவர்களுக்கு உயிர் வந்தது. சேலைத் தலைப்புகள் இடுப்பில் செருகப்பட்டன. மன்னார் பீலிக்ஸ் கதிரைகளைத் தடவியபடியே சுற்றிவர, "பீலிக்ஸ் அண்ணை, கையை எடுங்கோ!" என்று நடுவர் கத்தினார். அடுத்த சுற்றில் பீலிக்ஸ் இருக்கப்போன கதிரையில் அவருடைய சொந்த மனைவி கொறற்றி முந்திக்கொண்டு இருந்தாள். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடம் ஆகவில்லை, அறுபத்தொன்பது வயது. புருசன் என்றும் பார்க்கவில்லை. உதைபந்தாட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு இளசுகள் ஓடிவந்து சுற்றி நின்று விசிலடித்தார்கள். நேசமலர் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு பேரை இடித்துத் தள்ளினாள். கால் இடறுமோ என்ற யோசனை எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் ஒரு கதிரை. நேசமலரும் கொறற்றியும்.

பாட்டு நின்றது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். கொறற்றி கதிரையில் இருந்தாள். நேசமலர் புல்லில் இருந்தாள்.

யதுசா ஓடிவருவதற்குள் அவள் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டாள். சேயோன் அவசர அவசரமாக ஒலிவாங்கியில் சொன்னான்: "அருமையான போட்டி! ரெண்டு பேருக்கும் முதல் பரிசு!"

நேசமலர் ஒலிவாங்கியை எட்டிப் பறித்தாள். மூச்சு வாங்கியது.

"தம்பி, நான் தோத்துப்போனன். கொறற்றி அக்கா வெண்டவ. அதை வடிவாச் சொல்லுங்கோ!"

சேயோன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்: "முதலாம் இடம், கொறற்றி! இரண்டாம் இடம், நேசமலர்!" அன்ரியும் இல்லை, அக்காவும் இல்லை. உதைபந்தாட்ட வீரர்களைக் கூப்பிடுவதுபோல வெறும் பெயர். கைதட்டல் மைதானத்துக்கு வெளியிலும் கேட்டிருக்கும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தன் பெயரைக் கேட்க நேசமலருக்குச் சந்தோசமாக இருந்தது. கொறற்றி கதிரையை விட்டு எழும்பாமலே ராணிபோலக் கையசைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது யதுசா காரை ஓட்டினாள். பின் இருக்கையில் மகேந்திரராஜா நடுவர் வேலை பார்த்த களைப்பில் குறட்டை விட்டார்.

"கால் நோகுதோ அம்மா?"

"நோகுது. அந்த மனிசி பாட்டு நிக்க முந்தியே இடப்பக்கத்தால வெட்டுறவ. நான் பிந்தித்தான் கண்டனான். வாற வருசம் விடமாட்டன்."

யதுசா திரும்பித் தாயைப் பார்த்தாள். ஓய்வு பெற்றதிலிருந்து கண் வைத்தியரைப் பார்க்கக் குறித்துத் தரும் டெர்மின் திகதியைத் தவிர வேறு எதற்கும் அம்மா 'வாற வருசம்' என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"வாற வருசம் உங்களுக்கு அறுபத்தைஞ்செல்லோ அம்மா."

"ஓம்," என்றாள் நேசமலர். "பழக ஒரு முழு வருசம் கிடக்கு."