என் பொண்ணோட கணக்கு டீச்சர்

ஷமீம் டீச்சர் காலைல போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்... ஸ்கூலுக்குக் கிளம்பிகிட்டிருந்தாங்களாம்.

சேதி சொன்னது சென்னையில காலேஜ் படிக்கிற என் பொண்ணு. "எனக்கு மேத்ஸ் சொல்லிக் குடுத்தவங்க போயிட்டாங்க நைனா"ன்னு அழுதுகினே சொன்னா.

அதே திருத்தணி ஸ்கூல்ல நானும் மேத்ஸ் வாத்தியார்தான். அவளைப் பெத்தவனும் நான்தான்.

பொறாமையாதான் இருந்தது. இதுல ஒளிக்க என்ன இருக்கு...

முன்னெல்லாம் எங்க டென்த்துல நல்லா படிக்கிறவங்க ஏ செக்‌ஷன், ஃபெயில் ஆகிறவங்க பி. ஏ எனக்கு, பி டீச்சருக்கு.

ஒரு ஸ்டாஃப் மீட்டிங்ல டீச்சர், "ரெண்டையும் கலந்து போட்டுடலாம்ங்க சார்"னு சாதாரணமா சொன்னாங்க. நான் குதி குதின்னு குதிச்சேன். எச்.எம். கலந்துட்டார்.

கலந்ததுல அப்போ டென்த்துல இருந்த என் பொண்ணு அவங்க கிளாஸுக்குப் போயிட்டா.

அங்க போர்டு பக்கத்துல பசங்கதான் நின்னு கணக்கை விளக்குவாங்க. டீச்சர் கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து கேட்டுகிட்டிருப்பாங்க. ஒரே சத்தம்.

வீட்ல பொண்ணு ஒரு கணக்கோட முட்டிக்கிட்டிருந்தா நான் பேனாவை எடுப்பேன். "சொல்லாதீங்க நைனா, எங்க தப்புன்னு நானே கண்டுபிடிச்சு நாளைக்கு கிளாஸ்ல சொல்லணும்"னு நோட்டை மூடிடுவா. வயிறு எரியும்.

ரிசல்ட் அன்னிக்கு கனகம்மாசத்திரத்துல மெக்கானிக் ஷெட் வச்சிருக்கிற ஒருத்தர் லட்டு டப்பாவோட வந்தார். கணக்குல எப்பவும் ஃபெயில் ஆகிற அவர் பையன் பாஸ்.

வராண்டாவுல நான்தான் நின்னுகிட்டிருந்தேன். "ஷமீம் டீச்சர் எங்க சார் கீறாங்க?"ன்னு கேட்டுட்டு என்னைத் தாண்டிப் போனார்.

என் பழைய ஏ செக்‌ஷன் பசங்க நான் இல்லாட்டியும் பாஸ் ஆகியிருப்பாங்க. எனக்கு யாரும் லட்டு கொண்டு வந்ததில்ல.

இன்னிக்கு மதியம் அடக்கம். தெரு முழுக்க அவங்ககிட்ட படிச்ச பசங்க... ஆட்டோ ஓட்டுறவன், பேங்க்ல வேலை பார்க்கிறவன், டியூட்டியில இருந்து அப்படியே வந்த ஒரு நர்ஸ்.

எனக்கு இவ்வளவு பேர் வருவாங்களான்னுதான் அங்கேயும் யோசிச்சுகிட்டு நின்னேன். என்ன மனுஷனோ நான்.

சாயந்திரம் எச்.எம். போன் பண்ணார். நாளையிலிருந்து டீச்சர் கிளாஸையும் நான்தான் பார்த்துக்கணுமாம்.

நான் உள்ள போனதும் அந்தப் பசங்க எனக்குப் பின்னாடி வேற யாராவது வர்றாங்களான்னுதான் பார்ப்பாங்க.

பார்க்கட்டும்.

போய்ட்டு வாங்க டீச்சர்.